இலட்சம் சுலோகமும் முப்பத்திரண்டு பக்கமும்

மகாபாரதம் ஓர் இலட்சம் சுலோகங்களைக் கொண்டது என்பது மரபு. வால்மீகி இராமாயணத்திற்கு 24,000 என்று கணக்கு. கம்பர் தம் காவியத்தைப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடினார். சிறு குழந்தைகளுக்கான படக்கதை நூலுக்கோ பெரும்பாலும் வாய்ப்பவை 32 பக்கங்களே. ஓர் அச்சுத்தாளை இருபுறமும் அச்சிட்டு மடித்தால் பதினாறு பக்கங்கள் வரும். அத்தகைய இரு தாள்கள் சேர்ந்தால் ஒரு நூல். அந்தப் பக்கங்களிலும் பெரும்பகுதியை ஓவியம் எடுத்துக்கொள்ளும். சொல்லுக்கு எஞ்சுவது பக்கத்திற்கு இரண்டு மூன்று வாக்கியம்.

ஆகவே, இதிகாசத்தைக் குழந்தைக்குப் படநூலாக்க முனைபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எதைச் சொல்வது என்பதன்று. எதைச் சொல்லாமல் விடுவது என்பதே. இந்தியாவில் இத்தகைய நூல்கள் வளர்ந்த வரலாற்றை ஊன்றி நோக்கினால், அது விடுதல்களின் வரலாறாகவே இருப்பதைக் காணலாம். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இப்பொருளைப் பற்றி எழுத நேர்ந்ததற்கும் அதுவே காரணம். சுருக்குவதும் விடுவதும் கவிஞரின் தொழில். அத்தொழிலின் நுட்பம் அறிந்தோர் முன் வைக்கத்தக்க செய்தி இது எனக் கருதுகிறேன்.

அச்சுக்கு முன்

இராமகாதையை முதன்முதலில் மக்கள்முன் பாடியவர்கள் இரு சிறுவர்கள் என்று அந்தக் காவியமே கூறுகிறது. வால்மீகி தம் காவியத்தைக் கற்பித்தது இலவனுக்கும் குசனுக்கும் ஆகும். குழந்தைகளுக்கு இதிகாசம் ஏற்றதா என்று ஐயுறுவோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

தமிழில் இராமகாதையின் மிகப் பழைய குறிப்புகள் இரண்டைச் சங்க இலக்கியம் தருகிறது. புறநானூற்றின் 378-ஆம் பாடலில், சோழன் இளஞ்சேட்சென்னி அளித்த அரிய அணிகலன்களை எங்கே அணிவதென்று தெரியாமல் பாணர் சுற்றத்தார் மாற்றி மாற்றி அணிந்துகொள்கின்றனர். இராவணன் கவர்ந்து சென்றபோது சீதை நிலத்தில் இட்ட நகைகளைக் குரங்குக் கூட்டம் கண்டெடுத்து அணிந்துகொண்டது போல இருந்தது அது என்கிறார் ஊன்பொதி பசுங்குடையார். அகநானூற்றின் 70-ஆம் பாடலிலோ, கோடி என்னும் கடற்றுறையில் இராமன் மந்திராலோசனை நடத்தும்போது ஆலமரத்துப் பறவைகளின் ஒலி அடங்கிய காட்சி வருகிறது. இவ்விரு புலவர்களும் கதை முழுவதையும் சொல்லவில்லை. ஒரே ஒரு காட்சியை எடுத்து நிறுத்தினார்கள். ஐந்து வயதுக் குழந்தை முதற்காட்சிக்குச் சிரிக்கும். இரண்டாவது காட்சிக்குத் தானும் வாயைப் பொத்திக்கொள்ளும். படநூலின் இலக்கணம் இதைவிட வேறொன்றும் இல்லை.

கல்லிலும் இம்முறை உண்டு. குடந்தை நாகேசுவரன் கோயிலிலும் புள்ளமங்கைக் கோயிலிலும் முற்காலச் சோழச் சிற்பிகள் அடித்தளத்தை ஒட்டிச் சிறுசிறு சதுரங்களில் இராமாயணக் காட்சிகளைச் செதுக்கியுள்ளனர். பெரியவர்கள் குனிந்து பார்க்க வேண்டிய உயரத்தில் அவை உள்ளன. குழந்தைகளுக்கோ அவை கண்ணுக்கு நேரே அமைகின்றன. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் காண்கிறோம். எலிகளை ஏமாற்றிய பொய்த்தவப் பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் வருவதே.

கல்லுக்கு அப்பால் துணியும் தோலும் இருந்தன. வங்கத்துப் பட்டுவாக்கள் சுருளை விரித்துக்கொண்டே பாடினர். கேரளத்துப் பகவதி கோயில்களில் தோற்பாவைக் கூத்துக் கலைஞர்கள் கம்பர் பாடல்களைக் கொண்டே நிழற்கதை நடத்தினர். இவற்றிற்குப் பொதுவான ஒரு பண்பு உண்டு. படத்தின் அருகில் சொல்பவர் ஒருவர் இருந்தார். அவையில் குழந்தைகள் மிகுந்திருந்தால் அவர் அநுமன் வாலை நீட்டுவார். முதியோர் மிகுந்திருந்தால் பரதனின் துயரில் நிற்பார். ஒருநாள் விட்டதை மறுநாள் சேர்ப்பார். கேள்வி எழுந்தால் விடை சொல்லவும் அவர் இருந்தார். அச்சு வந்தபோது இந்நிலை மாறியது. அச்சிட்ட நூலில் விட்டது விட்டதுதான். அதனைச் சேர்க்க யாரும் வரமாட்டார்.

வங்கத்தில் ஒரு தொடக்கம்

அச்சுக்காலத்தில் இப்பணியின் முன்னோடியாக உபேந்திரகிசோர் ராய் சௌதுரி (1863–1915) அவர்களைக் குறிப்பிட வேண்டும். வங்கச் சிறுவர்களுக்காக இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய உரைநடையில் எழுதியவர் அவர். இராமாயண நூலுக்குத் தாமே படங்களும் வரைந்தார். ஆனால் அச்சில் வந்த படங்களைக் கண்டு அவர் மனம் நொந்தார். அக்காலத்தில் ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் மற்றொருவர் செதுக்குவார்; செதுக்குபவரின் கை எவ்வளவு தேர்ந்ததோ அவ்வளவே படம். தூரிகையின் மென்மையும் நிழலின் படிநிலைகளும் கட்டையில் அழிந்துபோகும்.

அவர் இதனை விதியென்று விட்டுவிடவில்லை. ஒளிப்பட முறையில் உலோக அச்சுக்கட்டை செய்யும் கருவிகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். நூல்களைக் கொண்டு தாமே கற்றார். கல்கத்தாவில் தொழிற்கூடம் நிறுவினார். கண்ணாடித் திரையின் வழியே படத்தை நுண்புள்ளிகளாக உடைத்து அச்சிடும் அம்முறையைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரைகள் இலண்டனின் பென்ரோசு ஆண்டுமலரில் வெளியாயின. இந்தியப் படஅச்சுக் கலையின் ஒரு பெரும் முன்னேற்றத்திற்குத் தூண்டுகோலாக அமைந்தது, குழந்தைகளுக்கான இராமாயணத்தில் படம் சரியாக விழவில்லை என்ற வருத்தம்தான். 1913-இல் அவர் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழ் அதே அச்சகத்தில் வளர்ந்தது. பின்னாளில் அவர் பேரர் சத்யஜித் ராய் அதனை 1961-இல் மீண்டும் தொடங்கினார்.

இங்கே மற்றொன்றும் கருதத்தக்கது. உபேந்திரகிசோர் பிரம்ம சமாசத்தைச் சேர்ந்தவர். உருவ வழிபாட்டை ஏற்காதவர். எனினும் இதிகாசங்களைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவற்றை வழிபாட்டுக்குரிய நூல் என்னும் நிலையில் அன்றி, ஒரு மக்களின் பெருங்கதை என்னும் நிலையில் அவர் அணுகினார். நம்பிக்கை உடையோரும் இல்லாதோரும் கூடி நிற்கக்கூடிய இடம் கதை என்பதற்கு இது நல்ல சான்று.

அம்புலிமாமாவும் அமர சித்திரக் கதையும்

தமிழ்க் குழந்தைகளிடம் இப்பணியைச் செய்தது ‘அம்புலிமாமா’. 1947 சூலையில் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’ எனவும் தமிழில் ‘அம்புலிமாமா’ எனவும் சென்னையிலிருந்து தொடங்கினர். கதை எழுதுபவருக்கு நிகரான இடத்தை ஓவியருக்குக் கொடுத்த இதழ் அது. எம்.டி.வி. ஆச்சார்யா, வட்டாதி பாப்பையா, ‘சித்ரா’, ‘சங்கர்’ ஆகியோர் வரைந்த இதிகாச மாந்தர்கள் இரண்டு மூன்று தலைமுறைகளின் மனத்தில் குடியேறினர். தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் (1924–2020) நம் தமிழ்நாட்டவர். மறைவுக்குப் பின் 2021-இல் அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பெற்றது.

அம்புலிமாமாவின் சிறப்பு, இதிகாசத்தைத் தொடராகத் தந்தது. தொடரில் விடவேண்டிய கட்டாயம் குறைவு. கிளைக்கதைகள் வரும், மாதக்கணக்கில் காத்திருந்தால் கர்ணனின் முழு வாழ்வும் வரும். மறுபுறம், அது வாசிக்கத் தெரிந்த சிறுவர்க்குரியது; மடியில் அமர்ந்து படம் பார்க்கும் குழந்தைக்கு உரியதன்று.

பம்பாயில் அனந்த பாய் (1929–2011) தொடங்கிய ‘அமர சித்திரக் கதை’ வேறு வழி சென்றது. 1967-இல் தில்லியில் ஒரு தொலைக்காட்சி வினாவிடையில், கிரேக்கத் தொன்மம் பற்றிய கேள்விக்கு விடை கூறிய மாணவர்கள் இராமனின் தாயார் பெயரைச் சொல்ல இயலாது நின்றதைக் கண்டதே தம்மைத் தூண்டியது என்று அவர் பலமுறை கூறியுள்ளார். மேனாட்டுக் கதைகள் பத்து வெளிவந்தபின், பதினோராம் எண்ணுடன் ராம் வயீர்க்கர் வரைந்த ‘கிருஷ்ணா’ வந்தது. அளவு 32 பக்கம். இதிகாச மாந்தர் ஒருவருக்கு ஒரு நூல் என்னும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

அவர் எதை விட்டார் என்பதைக் காண்போம். தொடக்கத்தில் அற்புதங்களை விரித்துக் காட்ட அவர் தயங்கினார். கண்ணன் மலையைத் தூக்குவதை அறிவியல் பயிலும் தலைமுறை ஏற்குமோ என்னும் அச்சம் அது. பின்னர் வந்த திருத்திய பதிப்பில் அந்தத் தயக்கம் நீங்கியது. குழந்தைகள் மலையைத் தூக்கும் சிறுவனைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதைக் காலம் அவருக்கு உணர்த்தியது போலும். பிறகு மகாபாரதத்தை 32 பக்கத்தில் அடக்க இயலாதென்று கண்டு, அதனை 42 பகுதிகளாகவே வெளியிட்டனர். அளவைப் பற்றிய ஒரு நேர்மையான ஒப்புதலாக அதனைக் கொள்ளலாம்.

ஆயினும் அந்நூல்களைப் பற்றி ஆய்வாளர் எழுப்பிய குறைபாடும் மெய்யே. நல்லவர் வெளிர்நிறத்தவராகவும் திருத்தமான முகத்தவராகவும், அரக்கர் கருத்துப் பருத்தவராகவும் தீட்டப்பட்டனர். சொல்லில் கவிஞர் சொல்லாத ஒரு தீர்ப்பை வண்ணம் சொல்லிவிட்டது. கறுத்த குழந்தை ஒன்று அப்பக்கத்தில் தன்னை எங்கே தேடும் என்று எண்ணிப் பாருங்கள். 1987-இல் தொடங்கிய தூர்தர்சன் இராமாயணமும், அதனை அடுத்து 1988-இல் வந்த மகாபாரதமும் இந்த முகங்களை இன்னும் இறுக்கமாக நிலைநிறுத்தின.

குழந்தையே சொன்ன பாரதம்

இந்த இறுக்கத்தைத் தளர்த்திய முயற்சிகள் பிற்காலத்தில் எழுந்தன. அவற்றுள் முதன்மையானவை சென்னையிலிருந்தே வந்தன. 1994-இல் கீதா உல்ஃப் நிறுவிய தாரா பதிப்பகம், 1996-இல் சம்ஹிதா அர்னியின் மகாபாரதத்தை வெளியிட்டது. எட்டு வயதில் எழுதவும் வரையவும் தொடங்கிய ஒரு சிறுமியின் பாரதம் அது. பெரியவர்கள் குழந்தைக்கு எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு குழந்தை போரையும் சூழ்ச்சியையும் துணிவோடு வரைந்து முடித்திருந்தது.

அதே பதிப்பகம் 2011-இல் ‘சீதாவின் இராமாயணம்’ என்னும் நூலை வெளியிட்டது. வங்கத்துப் பட்டுவா ஓவியர் மொய்னா சித்ரகார் வரைந்தார். சம்ஹிதா அர்னி எழுதினார். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை தன் கதையைத் தானே சொல்கிறாள். வெற்றியின் மறுபுறத்தில் இலங்கைப் பெண்களின் இழப்பையும் அவள் காண்கிறாள். முழுமையாகச் சிறு குழந்தைக்குரிய நூலன்று எனினும், சுருள் ஓவியம் மீண்டும் நூலுக்குள் வந்தது என்ற வகையில் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. யார் சொல்வது என்பது மாறினால் எது விடுபடும் என்பதும் மாறும் என அந்நூல் காட்டிற்று.

மிகச்சிறு குழந்தைக்குரிய எடுத்துக்காட்டு வேண்டுமாயின், அமெரிக்காவில் வாழும் அசைவூட்ட ஓவியர் சஞ்சய் பட்டேல், எமிலி ஹெய்ன்சுடன் இணைந்து 2012-இல் வெளியிட்ட படநூலைக் கூறலாம். பிள்ளையார் கெட்டியான ஓர் இலட்டைக் கடிக்கிறார், தந்தம் முறிகிறது, வருந்துகிறார், வியாசர் வந்து, முறிந்த தந்தத்தால் பாரதத்தை எழுதச் சொல்கிறார். இலட்சம் சுலோகத்துக்குள் ஆசிரியர்கள் நுழையவே இல்லை. வாயிலில் நின்று கதவை மட்டும் திறந்துவிட்டார்கள். சங்கப் புலவரின் முறை இதுவே. பிள்ளையார் எழுதிய அந்நிகழ்ச்சியைப் புனேயின் பண்டார்கர் நிறுவனத்து ஆய்வுப்பதிப்பு மூலத்தில் சேர்க்காமல் ஒதுக்கியது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அறிஞர் ஒதுக்கியதைக் குழந்தைகள் விடவில்லை.

விடுதலும் மறைத்தலும்

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு வேறுபாட்டை நாம் பிரித்தறிய வேண்டும். விடுதல் வேறு, மறைத்தல் வேறு. விட்ட இடத்தில் கேள்வி உயிரோடிருக்கும். மறைத்த இடத்தில் அது புதைக்கப்படும்.

விடுதல் நம் மரபுக்குப் புதிதன்று. கம்பர் முடிசூட்டோடு நிறுத்தினார். உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகிறது. வில்லிபுத்தூரார் பதினெட்டுப் பருவங்களில் பத்தையே பாடினார். ஆனால் கம்பர் வாலியை மறைக்கவில்லை. மறைந்துநின்று அம்பெய்தவனை நோக்கி, விழுந்து கிடந்தவன் கேட்ட கேள்விகளை ஒன்றும் குறையாமல் கேட்கவிட்டார். இராமனிடம் அத்துணை ஈடுபாடு கொண்ட கவிஞர் அதற்கு அஞ்சவில்லை. நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

ஏகலைவன் கதையை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலை வெட்டும் காட்சியை ஐந்து வயதுக் குழந்தைக்கு வரைந்து காட்ட வேண்டியதில்லை. ஆனால் குருபக்தியால் மகிழ்ந்து கொடுத்தான் என்று எழுதி முடித்துவிட்டால் அது மறைத்தல். மூலமே ஒரு வழி காட்டுகிறது. விரலை இழந்தபின் ஏகலைவன் மற்ற விரல்களால் அம்பெய்து பார்த்தான். முன்போல் விரைவு இல்லை என்று ஆதிபருவம் கூறுகிறது. நான்கு விரல்களால் நாணை இழுக்க முயலும் ஒரு சிறுவனின் படம் போதும். எழுத்து வேண்டுவதில்லை. குழந்தை படத்தைப் பார்க்கும், விரல்களை எண்ணும், பிறகு கேட்கும். அந்தக் கேள்விக்காகவே இக்கதை இத்தனை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறது.

சீதை தீயில் இறங்குவதும் அவ்வாறே. அதனை விட்டுவிட்டு அயோத்திக்கு விமானம் ஏற்றலாம், தவறில்லை. ஆனால் தீயைக் காட்டிவிட்டு, எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதுவது குழந்தையின் அறிவை ஏமாற்றுவதாகும். காட்டினால் சீதையின் முகத்தையும் காட்ட வேண்டும்.

ஓவியத்திற்குரிய தனிச்சிக்கலும் ஒன்றுண்டு. சொல் விட்டுவைக்கலாம், படம் விட்டுவைக்க இயலாது. பத்துத்தலை என்று கவிஞர் ஒரு சொல்லில் கடந்துவிடுவார். நடுத்தலைக்கு இப்பால் எத்தனை, அப்பால் எத்தனை, அவன் எப்படித் தூங்குவான் என்பவற்றிற்கெல்லாம் ஓவியர் விடை சொல்லியாக வேண்டும். சுந்தரகாண்டத்தில் உறங்கும் இராவணனை வால்மீகி இரு கைகள் உடையவனாகவே வருணிக்கிறார். உரையாசிரியர்களும் இதனை எண்ணிப் பார்த்தனர். குழந்தை கேட்கும் கேள்வியும் உரையாசிரியர் கேட்ட கேள்வியும் ஒன்றாயிருப்பது வியப்பன்று. இருவரும் கதையை மெய்யென எடுத்துக்கொண்டவர்கள்.

நம் வட்டத்தின் முன் உள்ள பணி

இராசாசி அவர்கள் ‘வியாசர் விருந்து’, ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்னும் நூல்களால் இதிகாசங்களைத் தெளிந்த தமிழில் எல்லோர்க்கும் உரியனவாக்கினார். பின்னதற்கு 1958-இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைக்கென்று எழுதுவது கவிஞருக்குக் குறைவன்று என்பதை நிலைநாட்டினர். இந்த இரு வழிகளும் சந்திக்கும் இடத்தில் நிற்பது பக்கத்திற்கு இரண்டே வாக்கியம் கொண்ட தமிழ் இதிகாசப் படநூல். அதை எழுதும் பொறுப்பு உரைநடையாளரைவிடக் கவிஞர்க்கே பெரிதும் பொருந்தும். இரண்டு வாக்கியத்தில் ஒரு காண்டத்தை நிறுத்தும் பயிற்சி அவர்களிடமே உண்டு.

பிறமொழியில் எழுதப்பட்ட இரண்டு வாக்கியத்தை மொழிபெயர்த்துத் தருவது இதற்கு ஈடாகாது. குழந்தை முதன்முதலாகக் கேட்கும் இராமன் எந்த மொழியில் பேசுகிறானோ அந்த மொழியிலேயே அவன் நெடுநாள் பேசுவான். தாயின் குரலில் உரக்கப் படிக்கப்பட வேண்டிய நூல் இது. ஆகவே ஒவ்வொரு சொல்லும் வாய்க்கும் செவிக்கும் இசைந்து நிற்க வேண்டும். அது யாப்பறிந்தோர்க்கு எளிது; மற்றவர்க்கு அரிது.

வட்டத்தின் பதினோராம் ஆண்டில் நம் உறுப்பினர்கள் ஆளுக்கொரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். முழு இராமாயணம் வேண்டாம். முழு பாரதமும் வேண்டாம். நகை அணிந்த குரங்குகள், ஒலி அடங்கிய ஆலமரம், எலிகளுக்கிடையே தவப்பூனை, நாணை இழுக்கும் நான்கு விரல் என ஏதேனும் ஒன்று போதும். ஓவியர் ஒருவரை உடன் சேர்த்துக்கொண்டு, பதினாறு படமும் முப்பது வாக்கியமும் என்ற அளவில் எழுதிப் பார்ப்போம். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டுவோம். படித்து முடித்தபின் குழந்தை ஒரு கேள்வி கேட்டால் நூல் சரியாக அமைந்தது என்று கொள்ளலாம். கேட்கவில்லை என்றால் நாம் எதையோ மறைத்துவிட்டோம் என்று மீண்டும் எழுதுவோம்.